பேய் வரட்டும், சிரிப்பைக் கவனியுங்கள்

(கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் மாலைக் கூட்டம் ஒன்றில், குழந்தைகளுக்கான திரையிடலை முன்னிட்டு ஆற்றிய உரை)



அடுத்த ஞாயிறு இதே கூடத்தில் சத்யஜித் ராயின் ‘கூபி காயின், பாகா பாயின்’ போடப்போகிறோம் என்று சொன்னதும் வந்த கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. “பேய் வருமாமே, சின்னதுகளைக் கூட்டிண்டு வரலாமா?” ஒரு பாட்டி இன்னும் நேராகவே கேட்டார்: “ராத்திரி அலறிண்டு எழுந்தா நீங்க வந்து தூங்கப் பண்ணுவேளா?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று மைக்கைப் பிடித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பேய் வருகிறது. ஒன்றிரண்டு இல்லை, கும்பல் கும்பலாக வருகிறது. வந்து, ஆறு நிமிடத்துக்கு மேல் ஆடுகிறது.

படத்துக்கும் நம் தெருக்களுக்கும் ஓர் உறவு உண்டு. ராய் இதை எடுத்த காலத்தில் குடியிருந்தது லேக் டெம்பிள் ரோடு 3ஆம் எண் வீட்டில். 1959இல் வந்தவர், 1970இல் பிஷப் லெஃப்ராய் ரோடுக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தார். நாம் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்புகிற அதே வட்டாரம். படத்தைத் தயாரித்தவர்கள் நேபால் தத்தாவும் அசீம் தத்தாவும். தேஷப்ரிய பார்க் பக்கத்தில் நிற்கிறதே பிரியா தியேட்டர், அது அவர்கள் குடும்பத்துடையது. கதையை எழுதியவர் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. 1913இல் அவரே தொடங்கிய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையில் அது வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்துப் பேரன் அதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் கொள்ளுப்பேரன். ராயின் மகன் சந்தீப் அப்போது பள்ளிச் சிறுவன். அப்பா எடுக்கிற படமெல்லாம் பெரியவர்களுக்கே, அதுவும் ஒரே சோகம், எனக்கு ஒரு படம் எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறான். 1969 மே 8ஆம் தேதி படம் வெளியானது. கொல்கத்தாவில் மாதக்கணக்கில் ஓடியது. சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. ஒரு குழந்தை கேட்டு எடுத்த படம் குழந்தைக்கு ஆகுமா என்று நாம் இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கதை எளிது. கூபிக்குப் பாட வராது. பாகாவுக்கு மேளம் கொட்ட வராது. ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு கூபியை ஏற்றிவிடுகிறார்கள்: விடியற்காலையில் ராஜா காதில் விழுகிற மாதிரி போய்ப் பாடு, பரிசு கொடுப்பார் என்று. அவனும் நம்பிப் போய்ப் பாடுகிறான். கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டே துரத்திவிடுகிறார்கள். பாகாவுக்கும் அவன் ஊரில் அதே கதி. இருவரும் மூங்கில் காட்டில் சந்திக்கிறார்கள். பேய்களின் ராஜா அவர்களுக்கு மூன்று வரம் கொடுக்கிறார். இருவரும் கைதட்டிக்கொண்டால் சோறும் துணியும் வரும். செருப்பை மாட்டிக்கொண்டால் நினைத்த ஊருக்குப் போகலாம். பாடினால் கேட்பவர் அசையாமல் நின்றுவிடுவார். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஷுண்டி, ஹல்லா என்ற இரண்டு நாடுகளுக்கு நடுவே மூளவிருந்த போரை நிறுத்துகிறார்கள். இரண்டு ராஜாக்களும் அண்ணன் தம்பி. இரண்டு வேஷமும் சந்தோஷ் தத்தாதான். கூபியாகத் தபேன் சட்டர்ஜி, பாகாவாக ரவி கோஷ்.

பயத்துக்கு வருவோம். பேய்க்கு முன்னால் புலி வருகிறது. சர்க்கஸிலிருந்து கூட்டிவந்த நிஜப்புலி. கூபியும் பாகாவும் மூச்சுவிடாமல் விறைத்துப்போய் நிற்கிறார்கள். புலி சாவகாசமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அவ்வளவுதான். உறுமலை வைத்துத் தியேட்டரை அதிரச் செய்யவில்லை, பாயவில்லை, ரத்தம் இல்லை. குழந்தைக்குப் பயம் வருகிறது. ஆனால் தன்னைவிட அதிகமாகப் பயந்துபோன இரண்டு பெரிய ஆட்களைப் பார்த்ததும் அதற்கே சிரிப்பு வந்துவிடுகிறது. பயத்தை அப்படியே தொங்கவிடாமல் உடனே இறக்கி வைத்துவிடுகிறார் ராய். ஒரு படத்தில் பயம் இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, வந்த பயத்தை அந்தப் படமே இறக்கி வைக்கிறதா என்று விசாரிப்பது உபயோகம்.

வயதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோவான் கேன்ட்டர், குழந்தைகள் திரையில் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்வது நம் வீட்டு அனுபவத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது. மூன்று நான்கு வயசுக் குழந்தை தோற்றத்தைப் பார்த்துப் பயப்படும். ‘ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒருவன் பச்சைப் பூதமாக மாறுவான். நல்லவன், நல்லதுதான் செய்வான். ஆனாலும் சின்னஞ்சிறுசுகள் அவன் மாறுகிற அந்த நிமிடத்தில்தான் நடுங்கிப்போயின. எட்டு, ஒன்பது வயதைத் தாண்டினவர்களுக்குத் தோற்றம் பெரிதில்லை; நமக்கும் இப்படி நடந்துவிடுமோ என்பதுதான் அவர்கள் பயம். இன்னொன்றும் சொல்கிறார். “இதெல்லாம் நிஜம் இல்லைடா கண்ணா” என்று நாம் சமாதானம் சொல்கிறோமே, அது சின்னக் குழந்தைகளிடம் எடுபடாது. மடியும், ஒரு வாய்த் தண்ணீரும்தான் அவர்களுக்குச் சமாதானம். விளக்கமெல்லாம் பெரிய பிள்ளைகளிடம்தான் செல்லும்.

அந்த அளவுகோலால் பார்த்தால், நம் படத்தில் பேய்ராஜாவின் முகம் நாலு வயசுக்கு அதிகம். இருட்டில் மினுக்கும் விளக்குகள், நீண்ட பல், விநோதமான குரல். அந்தக் குரல் ராயுடையதே; வேகத்தைக் கூட்டிப் பதிவு செய்தது. ஆறு ஏழு வயசுக்கு அதே முகம் குதூகலம், ஏனென்றால் அந்த முகம் எதுகை மோனையோடு பேசுகிறது, கேட்டதையெல்லாம் கொடுக்கிறது.

பேய் நடனத்தைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சொத்து அதில் இருக்கிறது. ராய் பேய்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்: ராஜாக்கள், சாதாரணக் குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்தவர்கள். பாட்டு கிடையாது, சுருதி வாத்தியம் கிடையாது, தாளம் மட்டும். அந்தத் தாளத்தை அவர் எடுத்தது நம் தாளவாத்தியக் கச்சேரியிலிருந்து. ராஜாக்களுக்கு மிருதங்கம். குடியானவர்களுக்குக் கஞ்சிரா. வெள்ளைக்காரர்களுக்கு விறைப்பான கடம். தொந்திக்காரர்களுக்கு மோர்சிங். மோர்சிங் காதில் விழுந்தாலே எந்தக் குழந்தையும் சிரிக்கும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! நான்கு கூட்டமும் முதலில் ஒழுங்காக ஆடும். போகப் போகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு விழும். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மாலையில் மிருதங்க வகுப்புக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் மாடி வீட்டிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறவர்கள். பேய் அவர்களுக்குத் தெரிந்த தாளத்தில்தான் ஆடப்போகிறது. ஆகவே பாட்டிக்குப் பதில்: ஆறு வயசானால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதற்கெல்லாம் நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், சென்சார் சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். அந்தச் சான்றிதழ் எதற்கு, எது வரைக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் வெகுகாலம் ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டுதான் இருந்தன. 1983இல் ‘யு ஏ’ வந்தது. பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். அதற்குப்பிறகு நாற்பது வருஷம் எல்லாச் சள்ளையும் அந்த ‘யு ஏ’வுக்குள் போய் விழுந்தது. ஆறு வயசும் பதினாறு வயசும் ஒரே கூடையில். 2023இல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகளிலேயே இந்தப் பிரிவுகள் வந்துவிட்டன. நல்ல காரியம், தாமதமான காரியம். அமெரிக்காக்காரனுக்கு இந்த ஞானம் 1984இல் வந்தது, அதுவும் ஒரு குடும்பக் கற்பனைச் சிரிப்புப் படத்தால். ‘கிரெம்லின்ஸ்’ என்று, பஞ்சு உருண்டை போலக் கண்ணைப் பறிக்கிற ஒரு குட்டிப் பிராணியைக் காட்டிக் குழந்தைகளை உள்ளே இழுத்தார்கள். உள்ளே போனால் அந்தப் பிராணியிலிருந்து பிறந்த குட்டிப் பேய்கள் ஊரையே நாசம் செய்தன. அதே கோடையில் ஸ்பீல்பெர்க் இயக்கிய இன்டியானா ஜோன்ஸ் படமும் வர, பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். பிஜி-13 என்ற புதுப் பிரிவு அந்த ஜூலையிலேயே பிறந்தது.

நம் தமிழ்நாட்டில் ‘யு’ சான்றிதழுக்கு வேறொரு மதிப்பும் ஏறியது. 2006இல் தமிழ்த் தலைப்புக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்தது. 2011இல் அதோடு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்றார்கள். அப்புறம் தயாரிப்பாளருக்கு ‘யு’ என்றால் காசு. இரண்டு ஷாட்டை வெட்டி, நாலு வசனத்தை ஊமையாக்கி ‘யு’ வாங்கினார்கள். வெட்டினது குழந்தைக்காக இல்லை. ஆகவே சான்றிதழைப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். ரத்தமும் முத்தமும் கெட்ட வார்த்தையும் எவ்வளவு என்று தணிக்கைக் குழு அளந்து சொல்லும். அதற்குமேல் அதனால் முடியாது.

அதனால் அளக்க முடியாத ஒன்றைப் பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். சிரிப்பைப் பற்றி.

பயந்த குழந்தை உங்களிடம் வந்து சொல்லிவிடும். ராத்திரி எழுந்து அழும், விளக்கை அணைக்காதே என்னும், ஒரு வாரம் தனியாகக் குளியலறைக்குப் போகாது. உங்களுக்குத் தெரிந்துவிடும், கவனித்துக்கொள்வீர்கள். ஆனால் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு படம் கற்றுக்கொடுத்தால் அந்தக் குழந்தை உங்களிடம் வந்து சொல்லாது. அது பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திக்குவாய்ப் பையனிடமும் குண்டுப் பெண்ணிடமும் காட்டும். நம் கண்ணுக்கே படாது. ஆகவே ஒரு சிரிப்புப் படம் குழந்தைக்கு ஆகுமா என்றால், நான் முதலில் கேட்பது இதுதான்: இதில் யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள்?

இந்தக் கேள்வி லேக் மார்க்கெட் தமிழனுக்குப் புரிகிற அளவுக்கு மயிலாப்பூர் தமிழனுக்குப் புரியாது. 1968இல் ‘படோசன்’ என்ற இந்திப் படம் வந்தது. அருமையான பாட்டுகள், குடும்பத்தோடு பார்க்கிற படம். அதில் மெஹ்மூத், மாஸ்டர் பிள்ளை என்ற தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வருவார். குடுமி, நாமம், இழுத்து இழுத்துப் பேசும் இந்தி. மெஹ்மூத் பெரிய நடிகர், சந்தேகமே இல்லை, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த வட்டாரத்தில் வளர்ந்த எத்தனை தமிழ்ப் பையன்கள் பள்ளி மைதானத்தில் அந்த உச்சரிப்பைத் தங்கள்மேல் வாங்கியிருக்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பதிலுக்கு நாம் சளைத்தவர்களா? தமிழ்ப் படத்தில் வட்டிக்கடைச் சேட்டு பேசுகிற தமிழ் எதற்காக? கறுப்பு, வழுக்கை, பல், தொந்தி என்று நகைச்சுவைக் காட்சிகளில் எத்தனை வருஷம் ஓட்டினோம்? அவற்றுக்கெல்லாம் ‘யு’ சான்றிதழ் உண்டு.

இதற்கு நேர் எதிரான படமும் நம்மிடம் இருக்கிறது. 1957இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘மாயா பஜார்’. அரக்கன், மாயம், உருமாற்றம், எல்லாம் உண்டு. கடோத்கசனாக எஸ்.வி. ரங்காராவ் கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றால் குழந்தைக்கு முதலில் கண் விரியும். ஆனால் அந்தப் படம் யாரைக் கேலி செய்கிறது? அழகன் என்று தன்னையே மெச்சிக்கொள்ளும் துரியோதனன் மகனை, தமிழில் தங்கவேலு செய்த அந்த மாப்பிள்ளையை. செல்வாக்கும் செருக்கும் உள்ள மேலிடத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது. மாறுவேஷத்தில் கடோத்கசன், சாவித்திரி நடித்த மணப்பெண்ணின் உருவத்தில் ஆண்நடை நடந்து மாப்பிள்ளையை ஆட்டிவைப்பதை எந்த வயசுக் குழந்தைக்கும் காட்டலாம். அரக்கன் நல்லவன், அரண்மனைக்காரன் அசடு. இதைவிட நல்ல பாடத்தை எந்தப் பாடப்புத்தகமும் நடத்திவிடாது.

ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ பற்றிக் கேட்டீர்கள். 2011இல் அது வந்தபோது குடும்பம் குடும்பமாகக் குழந்தைகளோடு போனார்கள். பேய்க்குப் பயந்து அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிற வளர்ந்த ஆண் பிள்ளை, குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. சரத்குமார் செய்த திருநங்கைப் பாத்திரத்தை அந்தப் படம் மதித்தது. அதுவரை நம் சினிமா அவர்களை நடத்திய விதத்தை நினைத்தால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே படத்தில் கொலைகளை நின்று நிதானமாகக் காட்டுகிறார்கள், காதைப் பிளக்கும் சத்தத்தோடு. குழந்தை கண்ணைப் பொத்திக்கொள்ளும். காதைப் பொத்திக்கொள்ள மறந்துவிடும். பாதிப் பயம் காது வழியாகத்தான் உள்ளே போகிறது. பதின்மூன்று வயசுக்கு முன் வேண்டாம் என்பேன்.

இப்போது அதே கேள்வியைக் கூபி, பாகாவிடம் கேட்போம். படம் ஆரம்பிப்பதே ஊரார் ஒருவனைப் பார்த்துச் சிரிப்பதில். மரத்தடிப் பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்; நாம் சிரிப்பதில்லை. கூபி பக்கம் போய் நின்றுவிடுகிறோம். அந்த ஓரிடத்திலேயே ராய் குழந்தையை எந்தப் பக்கம் நிற்கவேண்டுமோ அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார். அப்புறம் கேலி முழுக்க ஹல்லா மந்திரிமேல் விழுகிறது. ஜஹர் ராய் செய்த வேஷம். அவன் வயிறு முட்டத் தின்கிறான், படைவீரன் பட்டினி கிடக்கிறான். ஹல்லா ராஜா இயல்பில் குழந்தை மாதிரி. மந்திரவாதி பர்ஃபியின் மருந்தை ஊற்றி மந்திரிதான் அவரைப் போர் வெறியராக்கி வைத்திருக்கிறான். கடைசியில் போர்க்களத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? வானத்திலிருந்து இனிப்புச் சட்டிகள் இறங்குகின்றன. பட்டினிப் படை ஆயுதத்தைப் போட்டுவிட்டு அதைப் பார்த்து ஓடுகிறது. ஒரு சாவு இல்லாமல் போர் முடிகிறது. நக்சல்பாரி கிளர்ச்சிக்கு இரண்டு வருஷம் கழித்து, அவரவர் வீட்டுப் பிள்ளையை நினைத்து இந்த ஊரே கவலையில் இருந்தபோது வந்த படம் இது.

குறை இல்லாமல் இல்லை. தொந்திப் பேய்களைக் காட்டிச் சிரிக்க வைக்கிறது; என் அளவுகோலில் அது சறுக்கல்தான். அதைவிடப் பெரிய குறை, படத்தில் பெண் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. இரண்டு இளவரசிகள் உண்டு. கடைசியில் கூபிக்கும் பாகாவுக்கும் பரிசு மாதிரி வந்து சேர்கிறார்கள். நம் பெண் குழந்தைகள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “நம்மளைக் காணோமே” என்று கேட்டால் நியாயம். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: அந்த இளவரசியிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று. பாகாவைவிட நல்ல பதில் வரும். இன்னொன்று, கடைசிப் பகுதி தவிரப் படம் கறுப்பு வெள்ளை. பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் முனகுவார்கள், பேய் வந்ததும் அடங்கிவிடுவார்கள்.

இதன் தொடர்ச்சியாக 1980இல் வந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’யையும் போடச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதில் உத்பல் தத் கொடுங்கோல் ராஜா. பள்ளிக்கூடத்தை மூடுகிறான், புத்தகத்தை எரிக்கிறான், ஒரு யந்திரத்துக்குள் தள்ளி மனிதர்களின் மூளையையே மாற்றுகிறான். எல்லோரும் எதுகையோடு பேசுவார்கள். வாத்தியார் உதயன் பண்டிதர் மட்டும் சாதாரணமாகப் பேசுவார். நெருக்கடி நிலை முடிந்து மூன்று வருஷத்தில் வந்த படம், பெரியவர்களுக்கு வேறு அர்த்தம் தெரியும். பேய் நடனம் இதில் இல்லை. ஆனால் அந்த யந்திர அறை எட்டு வயசுக்குக் கீழே விளங்காது, விளங்காதது பயமாகத் தங்கிவிடும். ஒன்பது வயசுக்கு மேல் கட்டாயம் காட்டுங்கள். முடிவில் ராஜாவின் சிலையைக் கயிறு கட்டி இழுக்கும்போது ராஜாவே சேர்ந்து இழுப்பார்! ராயின் துப்பறியும் படமான ‘சோனார் கேல்லா’ கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் துப்பறிகிற ஃபெலுதா சார்மினார் சிகரெட் ஊதுவார். அதற்காகப் படத்தை ஒதுக்க வேண்டாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள், அவர்களே முகத்தைச் சுளிப்பார்கள்.

ஞாயிறு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். படம் 132 நிமிடம், நடுவில் இடைவேளை உண்டு. சத்தத்தைக் குறைத்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வங்காளம் வரும்; தாத்தா பாட்டிகளுக்கு அவர்கள் சொல்லட்டும், பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆறு வயசுக்குள் இருப்பவர்களை அழைத்து வந்தால் கதவோரமாக உட்காருங்கள், புலி வரும்போதும் பேய்ராஜா வரும்போதும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அவர்களை முன் வரிசையில் விட்டுவிட்டுக் கீழே காபிக்குப் போய்விடாதீர்கள்.